பழைய துரத்தல்கள் இன்றும் நிற்குமா?
மகிழுந்துத் துரத்தல் காட்சிகளின் நிலைபேறு குறித்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

திரைப்படக் கலை தோன்றிய காலந்தொட்டே துரத்தல் அதன் இயல்பான வடிவங்களுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது. நாடக மேடையில் ஒருவன் மற்றொருவனைத் துரத்தலாம். ஆயின் மேடை முடியுமிடத்தில் துரத்தலும் முடிந்துவிடும். புதினத்தில் துரத்தலை எழுதலாம். ஆயின் அதன் வேகம் வாசகனின் வாசிப்பு வேகத்தைக் கடப்பதில்லை. ஓடும் பொருளை ஓடியவாறே காட்டவல்ல கலை ஒன்று பிறந்தபோதுதான் துரத்தலுக்கு உரிய களம் வாய்த்தது எனலாம். 1903ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ என்னும் அமெரிக்கக் குறும்படத்திலேயே கொள்ளையரைக் குதிரை மீது துரத்தும் காட்சி உண்டு. 1920களில் பஸ்டர் கீட்டன் துரத்தலை நகைச்சுவையின் உயரத்திற்குக் கொண்டு சென்றார். எனினும், மகிழுந்துத் துரத்தல் தனக்கென ஓர் இலக்கணம் கொண்ட பகுதியாக வளர்ந்தது 1960களின் இறுதியிலேயாகும்.

‘புல்லிட்’ (1968), ‘தி இத்தாலியன் ஜாப்’ (1969), ‘தி பிரெஞ்சு கனெக்‌ஷன்’ (1971), ‘டூயல்’ (1971), ‘வேனிஷிங் பாயிண்ட்’ (1971), ‘கான் இன் 60 செகண்ட்ஸ்’ (1974) ஆகியவை ஏழாண்டுக்குள் தோன்றியவை. துரத்தல் காட்சிகளின் செவ்வியல் காலம் எனத் திறனாய்வாளர் சுட்டுவது பெரிதும் இக்காலத்தையே. இவற்றுள் ‘தி பிரெஞ்சு கனெக்‌ஷன்’ 2005ஆம் ஆண்டிலும் ‘புல்லிட்’ 2007ஆம் ஆண்டிலும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. பாதுகாக்கப்படுவதும் உயிரோடிருப்பதும் ஒன்றல்ல. பதிவேட்டில் உள்ள படம் இன்றைய பார்வையாளன் முன்னும் நிற்கிறதா என்பதே நம் வினா.

இவ்வினாவுக்கு இரண்டு ஆயத்த விடைகள் உள்ளன. பழையன யாவும் உண்மையானவை, புதியன யாவும் கணினிப் பொய்ம்மைகள் என்பது ஒன்று. பழையன யாவும் மெதுவானவை, இன்றைய தலைமுறைக்கு அவை சலிப்பூட்டும் என்பது மற்றொன்று. முன்னது நினைவேக்கம், பின்னது பழக்கத்தின் குரல். இரண்டும் தனித்தனிக் காட்சிகளைப் பாராமல் காலத்தையே தீர்ப்பாக வழங்கிவிடுகின்றன. ஆதலின் சில துரத்தல்களைத் தனித்தனியே எடுத்துக்கொண்டு, எது நிற்கிறது, எது சரிந்தது, ஏன் என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

2. அளவுகோல்

நிலைபேற்றை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இவ்விடத்தில் நமக்குப் பெரிதும் உதவுகிறது. திரைப்படத்திற்கென எழுதப்பெற்ற நூலன்று அது. ஆயினும், காண்போர் உள்ளத்தில் எழும் உணர்வை அதன் நிலைக்களத்தோடு சேர்த்து வகைப்படுத்தும் முறை அதில் உண்டு. துரத்தல் காட்சி பெரிதும் உரையாடலற்றது. மெய்யின்கண் தோன்றும் விளைவையே நம்பி நிற்பது. ஆதலின் இக்கருவி பொருந்தும் எனக் கருதுகிறோம்.

எட்டு மெய்ப்பாடுகளுள் மூன்று இங்கு இன்றியமையாதன. முதலாவது மருட்கை. இது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கன் வழியாகத் தோன்றும். இரண்டாவது அச்சம். இதற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியன நிலைக்களன்கள். மூன்றாவது பெருமிதம். கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியன இதன் நிலைக்களன்கள். கல்வி என்பதைப் பயின்று பெற்ற வித்தை எனவும், தறுகண் என்பதை அஞ்சத்தக்கதன் முன் அஞ்சாமை எனவும் இங்குக் கொள்வோம். செய்வோனிடத்துத் தோன்றும் இப்பெருமிதம் காண்போனிடத்தும் பற்றிக்கொள்வதையே நாம் வியந்து பார்த்தல் என்கிறோம்.

புதுமையால் பிறக்கும் மருட்கைக்கு ஓர் இயற்கையான குறை உண்டு. புதுமை பழகியதும் மருட்கை மறையும். பெருமையால், அதாவது பருமையாலும் மிகுதியாலும் பிறக்கும் மருட்கையும் அத்தகையதே. அதனினும் பெரியது வந்ததும் முன்னது சிறுத்துவிடும். கல்வியும் தறுகண்ணும் அத்தகையன அல்ல. ஒருவர் அரிய செயலொன்றைச் செய்து முடித்ததைக் கண்ணாரக் காணும்போது எழும் பெருமிதம், பின்னர் வேறொருவர் அதனினும் அரியது செய்தார் என்பதால் குன்றுவதில்லை. இவ்வேறுபாடே நம் விடையின் அடிப்படை.

3. ‘புல்லிட்’: வேகம் பிறக்கும் முன்

பீட்டர் யேட்ஸ் இயக்கிய ‘புல்லிட்’ படத்தின் துரத்தல் ஏறத்தாழ 11 நிமிடம் நீள்வது. சான் ஃபிரான்சிஸ்கோ நகரின் ஏற்ற இறக்கத் தெருக்களில், காவல் அதிகாரியான புல்லிட்டின் பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங்கும், கொலைஞர் இருவர் செல்லும் கறுப்பு நிற டாட்ஜ் சார்ஜரும் மோதும் காட்சி அது. புல்லிட்டாக நடித்த ஸ்டீவ் மெக்குயின் ஓட்டத்தின் ஒரு பகுதியைத் தாமே மேற்கொண்டார்; கடினமான பகுதிகளைப் பட் எக்கின்ஸ் உள்ளிட்ட சாகசக் கலைஞர் ஓட்டினர். சார்ஜரை ஓட்டியவர் பில் ஹிக்மன். வேகம் சில இடங்களில் மணிக்கு 110 மைலை, அதாவது ஏறத்தாழ 177 கிலோமீட்டரை எட்டியது.

இன்று இக்காட்சியை முதன்முதலாகக் காண்பவர் வியப்பது அதன் தொடக்கத்தின் பொறுமையையே. கொலைஞர் புல்லிட்டைப் பின்தொடர்கின்றனர். அவன் அதனை உணர்ந்து, குன்றுத் தெருக்களில் எங்கோ மறைகிறான். அவர்கள் இடமும் வலமும் தேடுகின்றனர். சற்று நேரத்தில், ஓட்டுநனின் பின்நோக்குக் கண்ணாடியில் பச்சை வண்டி மெல்லத் தோன்றுகிறது. வேட்டையாட வந்தவர் வேட்டைப் பொருளாகிவிட்டதை ஒரு சொல்லுமின்றி அந்தச் சிறு கண்ணாடி சொல்லிவிடுகிறது. அடுத்து, சார்ஜரின் ஓட்டுநன் தன் இருக்கைப் பட்டையை இழுத்துப் பூட்டுகிறான். நிகழப் போவதன் கடுமையை அறிவிக்க அச்செயல் ஒன்றே போதுமானதாகிறது. வண்டி சீறிப் பாயும் கணத்தில் லாலோ ஷிஃப்ரினின் இசை நின்றுவிடுகிறது. எஞ்சிய பகுதி முழுவதும் பொறியின் உறுமலும் சக்கரங்களின் கிரீச்சிடலுமே கேட்கின்றன. உரையாடல் இல்லை.

இசை விலகிய இடத்தில் ஒலி பொருளுணர்த்தத் தொடங்குகிறது. ஓட்டுநர் எப்போது வேகத்தைக் கூட்டினார், எப்போது தயங்கினார் என்பதை நாம் செவியால் அறிகிறோம். ஒரு திருப்பத்தில் மெக்குயின் வளைவைத் தவறவிட்டு, சக்கரங்கள் புகைய வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி மீண்டும் திரும்புகிறார். பிழையான அவ்வோட்டம் நீக்கப்படாமல் படத்தில் இடம்பெற்றுள்ளது. தவறக்கூடிய ஒருவன் தவறாமல் செய்யும் பிறவற்றின் அருமையை அப்பிழை நமக்கு உணர்த்துகிறது. கல்வியும் தறுகண்ணும் ஒருங்கே தோன்றும் இடம் இது.

பெருமிதத்தின் மற்றொரு கூறும் இங்குண்டு. துரத்தலின் பிற்பகுதியில் மோட்டார் சைக்கிளோட்டி ஒருவர் சாலையில் விழுகிறார். அவர் மீது ஏறிவிடாதிருக்கப் புல்லிட் தன் வண்டியைச் சாலைக்கு வெளியே திருப்புகிறான். துரத்தலில் தான் பெற்றிருந்த நெருக்கத்தை இழக்கிறான். அந்த ஒரு கணத்தில் அவன் யார் என்பதைக் காட்சி நமக்குச் சொல்லிவிடுகிறது. பாத்திரப் பண்பை வெளிப்படுத்தாத துரத்தல் எவ்வளவு விரைவாயினும் கதைக்குள் ஒட்டாத துண்டாகவே நிற்கும்.

4. குறைகள் உண்டு, ஆயினும்

‘புல்லிட்’ குறையற்ற காட்சி அன்று. ஒரே பாய்ச்சலைப் பல கருவிகள் பல கோணங்களில் பதிவு செய்தமையால், பச்சை நிற ஃபோக்ஸ்வாகன் ஒன்றையே வண்டிகள் மீண்டும் மீண்டும் முந்திச் செல்கின்றன. சார்ஜர் நான்குக்கும் மேற்பட்ட சக்கர மூடிகளை இழக்கிறது. நகரின் நிலவியலோ முற்றிலும் கற்பனையானது. அடுத்தடுத்த திருப்பங்களில் ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள பகுதிகள் இணைக்கப்பட்டுள்ளன. அந்நகரில் வாழ்வோர் இதனைக் கண்டு நகைப்பர்.

இத்தகைய குறைகளை எண்ணிக் கணக்கிடுவது இன்று ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. இருப்பினும் அவை காட்சியை வீழ்த்தவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. நகரின் வரைபடம் பொய்யாயினும், இரு வண்டிகளுக்கிடையிலான இடவுறவு பொய்க்கவில்லை. எது முன்னே, எது பின்னே, இடைவெளி எவ்வளவு, அது குறைகிறதா கூடுகிறதா என்பதைப் பார்வையாளன் எக்கணமும் அறிவான். ஃபிராங்க் கெல்லருக்குப் படத்தொகுப்புக்கான ஆஸ்கார் விருது கிடைத்ததன் நியாயம் இவ்விடத்திலேயே உள்ளது.

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஆந்த்ரே பஸன் 1950களில் முன்வைத்த ஒரு கருத்து இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஒரு நிகழ்வின் சாரம் இரு பொருள்கள் ஒரே இடத்தில் இருப்பதைப் பொறுத்ததாயின், அவ்விடத்தில் வெட்டி ஒட்டுதல் கூடாது என்றார் அவர். சிங்கக்குட்டியைத் தூக்கி வரும் சிறுவனையும் அவனைத் தொடரும் பெண்சிங்கத்தையும் தனித்தனியே காட்டினால் அது தந்திரம். இருவரையும் ஒரே சட்டகத்தில் காட்டும் கணத்தில்தான் ஆபத்து மெய்யாகிறது என்பது அவர் தந்த சான்று. துரத்தலுக்கு இது மிகவும் பொருந்தும். துரத்துவோனும் ஓடுவோனும் ஒரே சட்டகத்தில் அடிக்கடி காணப்பெறாத துரத்தல், இரு வேறு பயணங்களின் தொகுப்பாகவே எஞ்சும். ‘புல்லிட்’ இவ்விதியைப் பெரும்பாலும் காக்கிறது.

5. எண்ணிக்கையின் வீழ்ச்சி

செவ்வியல் காலத்தவை யாவும் நிற்கின்றன எனக் கூறுவது நேர்மையாகாது. ஹெச். பி. ஹாலிக்கி இயக்கி நடித்த ‘கான் இன் 60 செகண்ட்ஸ்’ படத்தின் துரத்தல் ஏறத்தாழ 40 நிமிடம் நீள்வது. படத்தில் 93 மகிழுந்துகள் நொறுக்கப்பட்டன. 1974ஆம் ஆண்டில் இவ்வெண்ணே படத்தின் பெருமையாயிற்று. இன்று பார்க்கும்போது எண் நினைவில் நிற்கிறது, காட்சி நிற்பதில்லை. முதல் பத்து வண்டிகள் நொறுங்கும்போது எழும் உணர்வு அடுத்த பத்துக்கு எழுவதில்லை. தறுகண்மைக்கு அங்குக் குறைவில்லை. இப்படத்தின் தொடர்ச்சியை எடுக்கும் முயற்சியின்போது 1989ஆம் ஆண்டில் ஏற்பட்ட விபத்தில் ஹாலிக்கி உயிர் துறந்தார். எனினும், ஒருவரது துணிவு அவரது கலைக்குத் தானாகவே வடிவம் தந்துவிடுவதில்லை. மிகுதியை நம்பிய மருட்கை மிகுதியாலேயே தளர்கிறது.

இப்பாதையின் மறுமுனையில் இன்றைய பெருஞ்செலவுப் படங்கள் நிற்கின்றன. 2001ஆம் ஆண்டில் தெருப்பந்தயக் கதையாகத் தொடங்கிய ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ வரிசை இதற்குத் தக்க சான்று. 2015ஆம் ஆண்டுப் படத்தில் மகிழுந்து ஒன்று அபு தாபியின் வானளாவிய கட்டடங்களுக்கிடையே பாய்கிறது. 2021ஆம் ஆண்டுப் படத்தில் மகிழுந்து விண்வெளிக்கே செல்கிறது. மருட்கையைப் புதுமையிலும் பெருமையிலும் மட்டும் தேடும் கலை ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டியே தீரவேண்டும். தரையில் தொடங்கியது விண்ணில் முடிந்ததில் வியப்பில்லை. இப்படங்களிலும் மெய்யான சாகசக் கலைஞரின் உழைப்பு மிகுதியாக உண்டு என்பதை மறுக்கவியலாது. ஆயினும் மெய்யும் கணினியும் ஒன்றாகக் குழைக்கப்படும்போது, எது செய்யப்பட்டது, எது வரையப்பட்டது என்பதைப் பார்வையாளன் அறிய இயலாமற்போகிறது. அறிய இயலாதபோது அவன் எதனையும் நம்புவதில்லை. பெருமிதத்திற்கு இடமில்லாது போகிறது.

இதற்கு நேர்மாறானது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தம் 24ஆம் வயதில் தொலைக்காட்சிக்காக இயக்கிய ‘டூயல்’. ஒரு விற்பனையாளன், ஒரு சிவப்பு மகிழுந்து, அதனைக் காரணமின்றித் துரத்தும் ஒரு பழைய எண்ணெய்ச் சுமையுந்து, இவ்வளவே படம். சுமையுந்தை ஓட்டுபவனின் முகம் இறுதிவரை நமக்குக் காட்டப்படுவதில்லை. கையும் காலணியும் மட்டும் தெரிகின்றன. முகமற்ற அவ்வூர்தி மனிதன் செலுத்தும் பொருளாகத் தோன்றாமல் தானே வந்து வருத்தும் ஆற்றலாகத் தோன்றுகிறது. அச்சத்தின் நிலைக்களன்களுள் முதலாவதாகிய அணங்கை இது நினைவூட்டுகிறது. காரணம் அறியப்படாத வருத்துதலுக்குக் காலம் கடந்துவிடுவதில்லை. இப்படத்தின் வேகம் இன்றைய அளவில் மிகக் குறைவு, அச்சமோ குறையவில்லை.

6. விரைந்த வெட்டு குற்றவாளியா?

இக்காலத் துரத்தல்கள் புரியாமற்போவதற்கு விரைந்த படத்தொகுப்பே காரணம் எனப் பலர் கூறுவர். டேவிட் போர்ட்வெல் என்னும் அமெரிக்கத் திரைப்பட அறிஞர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், 1930 முதல் 1960 வரையிலான ஹாலிவுட் படங்களில் ஒரு காட்சித்துண்டின் சராசரி நீளம் பெரும்பாலும் 8 முதல் 11 வினாடி வரை இருந்ததென்றும், நூற்றாண்டின் இறுதியில் அது 3 முதல் 6 வினாடியாகக் குறைந்ததென்றும் காட்டினார். துரத்தல் காட்சிகளில் இக்குறுக்கம் இன்னும் மிகுதி. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவான்டம் ஆஃப் சோலஸ்’ என்னும் ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தொடக்கத் துரத்தலில் எந்த வண்டி எங்கே உள்ளது என்பதைக் கண் பற்றுமுன் அடுத்த துண்டு வந்துவிடுகிறது.

எனினும் நீளத்தை மட்டும் குற்றவாளியாக்குவது போதாது. ஜார்ஜ் மில்லரின் ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ (2015) இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 2,700 காட்சித்துண்டுகள் கொண்டது, படம் முழுவதுமே ஒரு நெடுந்துரத்தல் எனலாம். ஆயினும் பார்வையாளன் வழி தவறுவதில்லை. ஒவ்வொரு துண்டிலும் கருத்துக்குரிய பொருள் சட்டகத்தின் நடுவிலேயே வைக்கப்பட்டுள்ளமையால், கண் தேடவேண்டிய தேவையின்றி அடுத்ததற்குச் செல்கிறது. மார்கரெட் சிக்ஸலின் தொகுப்பு ஆஸ்கார் விருது பெற்றதும் இதனாலேயே பொருத்தமாகிறது. இதற்கு முன் ஜான் ஃபிராங்கன்ஹைமரின் ‘ரோனின்’ (1998) பாரிஸ் நகரச் சாலைகளில் எதிர்த்திசையில் வண்டிகளை ஓடவிட்டபோதும் இட ஒழுங்கைக் கைவிடவில்லை. நடிகர் போலிச் சுக்கானைப் பற்றியிருக்க, வண்டியின் மறுபுறத்தில் தேர்ந்த ஓட்டுநர் மெய்யான சுக்கானைப் பற்றியிருந்தார். நடிகர் முகத்தில் தெரியும் அச்சத்தில் ஒரு பகுதி நடிப்பன்று என நாம் ஊகிக்கலாம்.

இவற்றால் பெறப்படுவது யாது? ‘புல்லிட்’டின் நீண்ட துண்டும் ‘ஃபியூரி ரோட்’டின் குறுந்துண்டும் ஒரே கடமையைச் செய்கின்றன. இடத்தை வாசிக்கத்தக்கதாக வைத்திருப்பதே அக்கடமை. இடம் தெளிவாயின் இடர் தெளிவாகும். இடர் தெளிவாயின் அதனை வெல்லும் வித்தையும் தெளிவாகும். காலப் பழமையோ புதுமையோ இதில் அளவுகோல் ஆவதில்லை.

7. ‘தி பிரெஞ்சு கனெக்‌ஷன்’: காட்சியும் முறையும்

இதுவரை கூறியவற்றுக்கு ஒரு கடுமையான சோதனையாக அமைவது வில்லியம் ஃபிரீட்கின் இயக்கிய ‘தி பிரெஞ்சு கனெக்‌ஷன்’. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், தூண்களின் மேல் அமைந்த தண்டவாளத்தில் கொலைஞன் ஒருவன் தொடர்வண்டியைக் கைப்பற்றிச் செல்கிறான். காவலன் டாய்ல் வழியிற் சென்ற ஒருவரின் போண்டியாக் மகிழுந்தைப் பறித்துக்கொண்டு கீழே சாலையில் அதனைத் துரத்துகிறான். ஓடுவோன் மேலே, துரத்துவோன் கீழே. டாய்ல் மேலேயும் பார்க்க வேண்டும், முன்னேயும் பார்க்க வேண்டும். இவ்வமைப்பின் புதுமை அரை நூற்றாண்டுக்குப் பின்னும் தேயவில்லை. ஏனெனில் அது வெறும் புதுமையாக நில்லாமல் துரத்துவோனின் இடர்ப்பாடாகவே மாறிவிடுகிறது. இங்கும் இசை இல்லை.

எனினும் இக்காட்சி தரும் உணர்வைப் பெருமிதம் எனக் கூறவியலாது. ஜீன் ஹாக்மன் ஏற்ற டாய்ல், தன் இலக்கைத் தவிர எதனையும் காணாதவன். துரத்தல் முடியுமிடத்தில், படிக்கட்டில் திரும்பி ஓடும் கொலைஞனை அவன் முதுகில் சுடுகிறான். புறங்காட்டுவோர் மீது படைக்கலம் ஓச்சாமையைப் புறப்பொருள் வெண்பாமாலை தழிஞ்சித் துறையில் மிகுந்த தறுகண்மையாகப் போற்றுவதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். டாய்லிடம் துணிவு உண்டு; அத்துணிவை மாண்புறச் செய்யும் வரம்பு இல்லை. படம் அதனை மறைக்கவுமில்லை. அச்சமும் இளிவரலும் கலந்த ஓர் உணர்வையே காட்சி நம்மிடம் விட்டுச் செல்கிறது. வெற்றி பெற்றவனைக் கண்டு மகிழ முடியாத இந்நிலையே இப்படத்தை இன்றும் நிறுத்துகிறது.

ஆயின் காட்சி எடுக்கப்பட்ட முறையைப் பற்றி வேறு விதமாகவே பேச வேண்டியுள்ளது. துரத்தலின் ஒரு பகுதி, போக்குவரத்து நிறுத்தப்படாத சாலையில், உரிய இசைவின்றி எடுக்கப்பட்டதைப் பிற்காலத்தில் ஃபிரீட்கின் தாமே பலமுறை விளக்கியுள்ளார். வண்டியை ஓட்டியவர் ‘புல்லிட்’டில் சார்ஜரை ஓட்டிய அதே பில் ஹிக்மன். ஒளிப்பதிவுக் குழுவினர் மனைவி மக்கள் உள்ளவர்கள் என்பதால் பின்னிருக்கையிலிருந்து கருவியைத் தாமே இயக்கியதாக ஃபிரீட்கின் கூறியுள்ளார். மீண்டும் அவ்வாறு செய்யத் துணியமாட்டேன் என்றும் அவர் சொன்னதுண்டு. 2023ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

குழுவினரின் குடும்பத்தை எண்ணிய அக்கரிசனம் மதிக்கத்தக்கது. ஆனால் அச்சாலையில் தம் வேலையாகச் சென்றுகொண்டிருந்தோருக்கும் குடும்பம் இருந்தது. அவர்கள் எவரும் இசைவு தந்திலர். ஒரு படத்தில் தாம் பங்குபெறுவதையும் அறிந்திலர். தறுகண் என்பது தன் உயிரைப் பணயமாக வைப்பது. பிறர் உயிரை அவரறியாமல் பணயமாக வைப்பதற்கு அச்சொல் உரியதன்று. பாரிஸ் நகரில் விடியற்காலையில், சாலையை மூடாமல், ஏறத்தாழ எட்டு நிமிட ஓட்டத்தை ஒரே காட்சித்துண்டாக எடுத்த குளோட் லெலூஷின் குறும்படத்திற்கும் (1976) இக்கூற்று பொருந்தும். பஸன் வேண்டிய வெட்டின்மை அதில் முழுமையாக உள்ளது. அதில் வரும் பாதசாரிகளும் மெய்யானவர்களே. பொறியின் ஒலி மட்டும் வேறொரு வண்டியுடையது, பின்னர்ச் சேர்க்கப்பட்டது. ஒலியைப் பின்னர்ச் சேர்க்கலாம். தவறிப்போன உயிரைச் சேர்க்கவியலாது.

இவ்வறிவு காட்சியின் தரத்தைக் குறைக்கிறதா? திரையில் உள்ளது மாறிவிடுவதில்லை. பார்க்கும் நாம் மாறிவிடுகிறோம். குறுக்கே வரும் ஒவ்வொரு வண்டியையும் இப்போது நாம் ஒருவரின் வண்டியாகக் காண்கிறோம். ‘புல்லிட்’ நகர நிருவாகத்தின் ஒத்துழைப்போடும் முன்னேற்பாட்டோடும் எடுக்கப்பட்டது. மெய்யான வேகமும் மெய்யான தெருவும் வேண்டுமாயின், அறியாதோரை ஆபத்தில் தள்ளியே ஆகவேண்டும் என்னும் வாதத்தை அப்படம் மூன்றாண்டுக்கு முன்னரே பொய்யாக்கியிருந்தது. ஆதலின் ‘தி பிரெஞ்சு கனெக்‌ஷன்’ துரத்தல் காட்சியாக நிற்கிறது. அதன் முறை நிற்கவில்லை என்பதே நம் முடிபு. இரண்டையும் பிரித்துச் சொல்வது திறனாய்வின் கடமையாகும்.

8. முடிவுரை

‘புல்லிட்’டில் ஓடிய மஸ்டாங் வண்டிகளுள் ஒன்று 2020ஆம் ஆண்டு சனவரியில் ஃபுளோரிடாவில் ஏலத்தில் விடப்பட்டு, கட்டணங்கள் உட்பட 3.74 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. இசைமை வண்டிக்குச் சென்றுள்ளது. அவ்வண்டியை மலைத்தெருவில் நிலைகுலையாமல் செலுத்தியவர்களின் பெயரைப் பார்வையாளருள் மிகச் சிலரே அறிவர். ‘புல்லிட்’, ‘தி பிரெஞ்சு கனெக்‌ஷன்’, ‘ஃபியூரி ரோட்’ ஆகிய மூன்றும் படத்தொகுப்புக்காக ஆஸ்கார் பெற்றன. அவற்றில் உயிரைப் பணயம் வைத்த சாகசக் கலைஞருக்கென அவ்விருதில் தனிப்பிரிவு இருக்கவில்லை. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் அமெரிக்கத் திரைப்படக் கழகம் சாகச வடிவமைப்புக்கென ஒரு விருதை அறிவித்தது. 2027ஆம் ஆண்டில் வெளியாகும் படங்களிலிருந்து அது வழங்கப்படும். கல்விக்கும் தறுகண்ணுக்கும் உரிய இசைமை ஏறத்தாழ நூறாண்டு தாழ்ந்து வருகிறது.

பழைய துரத்தல்கள் இன்றும் நிற்குமா என்னும் வினாவுக்கு நாம் தரும் விடை இது. இடத்தை நம் கண்முன் தெளிவாக வைத்து, அதில் ஒருவர் தாம் பயின்ற வித்தையைத் தம் இடருக்கு எதிராகச் செலுத்துவதைக் காட்டி, அதற்குரிய விலையையும் மறைக்காத துரத்தல்கள் நிற்கின்றன. எண்ணிக்கையையும் பருமையையும் நம்பியவை, 1974இல் எடுக்கப்பட்டனவாயினும் 2021இல் எடுக்கப்பட்டனவாயினும், தம் மருட்கை தீர்ந்ததும் சரிகின்றன.

திரைப்படப் பகுதிகளை வகுப்பறையில் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்கு ஒன்று கூறலாம். மெய்ப்பாட்டியலை எடுத்துக்காட்டின்றிப் பயிற்றும்போது எட்டுப் பெயர்களும் மனப்பாடமாகவே எஞ்சிவிடுகின்றன. மருட்கைக்கும் பெருமிதத்திற்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்த, சொல்லற்ற பதினொரு நிமிடம் போதும். அதனைக் கண்டபின், ‘இவ்வண்டி எவ்வளவு விரைவாகச் சென்றது?’ என மாணவர் கேட்பின் அவர்கள் மருண்டனர் எனக் கொள்ளலாம். ‘இதனை ஓட்டியவர் யார்?’ எனக் கேட்பின், பாடம் சென்று சேர்ந்துவிட்டது.